படகு தயார், எந்தக் கடல் ஆய்வுக்குக் கை கொடுப்பது?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வசிக்கும் என் சித்தப்பா மகன் சென்ற மாதம் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினான். இந்த ஆண்டு முழுவதும் ஊரை ஒட்டிய ஹவ்ராக்கி வளைகுடாவில் ஓட்டிப் பழகிவிட்டு, அடுத்த மே மாதம் புயல் பருவம் முடிந்ததும் மனைவியோடு பசிபிக் தீவு நாடான டோங்கா வரை போய்வருவது அவன் திட்டம். படகு கைக்கு வந்த மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, வெறுமனே சுற்றிவர மட்டும் இதை வைத்துக்கொள்ள மனமில்லை. கடலை ஆராய்கிறவர்களுக்கு நம்மால் ஆனதைச் செய்யலாம் என்று நினைக்கிறோம். தேடினால் ஏகப்பட்ட திட்டங்கள் இருக்கின்றன. எதில் சேருவது?"

நான் இங்கிலாந்தின் தென்மேற்கே பிளிமத் நகரில் இருக்கிறேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 27 அடிப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். ஆறு கோடைக்காலங்களாக நாங்கள் மூவரும் இப்படிப்பட்ட வேலைகளில் சிலவற்றைச் செய்துவருகிறோம். சிலவற்றைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டிருக்கிறோம். அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். வெளிநாட்டில் சிறு படகு வைத்திருக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

முதலில் ஒன்று. இந்த உறவு புதிதல்ல. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி 1840களில் கப்பல் தலைவர்களிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். காற்று, நீரோட்டம், வெப்பநிலை இவற்றைப் பயணக் குறிப்பேட்டில் எழுதி அனுப்புகிறவருக்கு அவர் தயாரித்த காற்று, நீரோட்ட வரைபடங்கள் இலவசம். 1847இல் முதல் வரைபடம் வெளிவந்தது. பிளிமத்திலிருந்து இன்று நடத்தப்படும் தொடர் மிதவையுயிர் (பிளாங்டன்) பதிவுப் பணியும் அதே வழியில் வந்ததுதான். அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் தங்கள் வழக்கமான பாதையில் தமக்குப் பின்னால் இழுத்துப் போகின்றன. கப்பல் தன் வேலையைப் பார்க்கிறது, ஆய்வு அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது. சிறு படகுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் படகின் வழக்கத்துக்குள் பொருந்துகிற வேலைதான் பல ஆண்டுகள் நிலைக்கும்.

ஆகவே தம்பியிடம் நான் கேட்ட கேள்வி இது. தூறல் விழுகிறது, கடல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, இரண்டு மணி நேரமாக ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. அந்த நாளிலும் எந்த வேலையைச் செய்வாய்? கண்கொள்ளாக் காட்சி கிடைத்த நாளில் எல்லாரும் பதிவு செய்வார்கள். ஆய்வாளருக்கு மற்ற நாட்களும் வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். 30 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு வெள்ளைத் தட்டு. அடியில் ஒரு கனம் கட்டி, அளவு குறித்த கயிற்றில் கோத்து நீருக்குள் இறக்க வேண்டும். தட்டு கண்ணிலிருந்து மறையும் இடத்தில் கயிற்றில் எத்தனை மீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். இதன் பெயர் செக்கி தட்டு. 1865இல் இத்தாலிய வானியலாளர் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் இதை இறக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து கருவி பெரிதாக மாறவில்லை, ஆகவே நூறு ஆண்டுக்கு முந்தைய அளவையும் இன்றைய அளவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆழ்கடலில் நீரின் தெளிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை தாவர மிதவையுயிர்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள்தான் உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைச் செய்கின்றன. கடலில் உள்ள மீன், திமிங்கிலம், கடற்பறவை என எல்லாவற்றின் சோறும் இவற்றில்தான் தொடங்குகிறது. 2010இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடந்த நூறாண்டில் இவை ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடு வீதம் குறைந்துவருகின்றன என்று பழைய செக்கி அளவுகளையும் பிற தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். வேறுவேறு வகைத் தரவுகளைக் கலந்ததால் வந்த பிழை இது என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விவாதம் சூடு பிடித்தது. இந்தச் சூழலில்தான் பிளிமத்தின் மிதவையுயிர் ஆய்வாளர் ரிச்சர்ட் கெர்பி 2013இல் செக்கி தட்டு ஆய்வைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள படகுக்காரர்கள் ஒரே அளவுத் தட்டால், ஒரே முறையில் அளந்து, கைபேசிச் செயலி வழியாக அனுப்பலாம். இருப்பிடத்தைக் கைபேசியின் ஜி.பி.எஸ். குறித்துக்கொள்ளும். கடலில் சிக்னல் இல்லாவிட்டால் கரைக்கு வந்தபின் அனுப்பினால் போதும்.

செயற்கைக்கோள் வானிலிருந்தே கடலின் நிறத்தைப் பார்க்கிறதே, பிறகு தட்டு எதற்கு என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. மேகம் மூடினால் அந்தக் கோளால் பார்க்க முடியாது. பார்க்கும்போதும் அதன் கணக்கைச் சரிபார்க்க நீரில் எடுத்த அளவு வேண்டும். 2017இல் இந்த ஆய்வின் முதல் முடிவுகள் கட்டுரையாக வெளிவந்தபோது ஆசிரியர் பட்டியலில் முதல் இடத்தில் எந்தப் பேராசிரியரின் பெயரும் இல்லை. 'செக்கி தட்டுக் கடலோடிகள்' என்ற கூட்டுப் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உழைத்தவர்களை முன்னே நிறுத்தும் பண்பு எல்லாத் திட்டங்களிலும் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், 25 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில்தான் அளக்க வேண்டும். அதற்குள் இருந்தால் ஆற்றுச் சேறும் கலங்கிய மணலும் கணக்கைக் கெடுத்துவிடும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வெயில் உச்சியை ஒட்டி இருக்கும்போது இறக்குவது நல்லது. படகை நிறுத்தியாக வேண்டும், காற்றில் படகு நகர்ந்தால் கயிறு சாய்ந்து அளவு பொய்யாகும். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல காற்று கிடைத்துப் படகு பறக்கிற நேரத்தில் பாயைத் தளர்த்தி நிறுத்த மனம் வராது, உண்மைதான். ஆனால் மொத்தம் பத்து நிமிட வேலை. தட்டை நீங்களே செய்யலாம். எங்களுடையது ஒரு வெள்ளை வாளியின் மூடியிலிருந்து வெட்டியது. நம் கரையோர மீனவர்கள் இரு கைகளையும் அகல விரித்த நீளத்தைப் 'பாகம்' என்று சொல்லிக் கயிற்றை அளப்பார்கள். கயிற்றுக்கு மீட்டர்க் குறி போட உட்கார்ந்த அன்று எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வழி ஆழத்தைப் பதிவது. இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் அழகு, ஆபத்தும் அதுதான். ஏறத்தாழ எல்லாப் படகிலும், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் ஜி.பி.எஸ்ஸும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு சிறு பதிவுப் பெட்டியில் இணைத்துவிட்டால் போகிற வழியெல்லாம் இடமும் ஆழமும் தானாகப் பதிவாகும். சில கடல்வழி மென்பொருள்கள் பெட்டி இல்லாமலே இதைச் செய்கின்றன. தரவு, பன்னாட்டு நீரளவியல் அமைப்பின் ஆழத் தரவு மையத்துக்குப் போகிறது. அந்த மையம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இருக்கிறது. அங்கிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

தேவை பெரியது. ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும், கடலடி வரைபடங்களைத் தயாரிக்கும் ஜெப்கோ அமைப்பும் 2017இல் உலகக் கடலடி முழுவதையும் வரைபடமாக்கும் 'சீபெட் 2030' திட்டத்தைத் தொடங்கியபோது உலகக் கடலடியில் வெறும் 6 விழுக்காடுதான் தகுந்த துல்லியத்தில் அளக்கப்பட்டிருந்தது. 2025 ஜூனில் அது 27.3 விழுக்காடு. 2030க்குள் மீதியை முடிக்க வேண்டும் என்பது கனவு. பெரும்பங்கை ஆழ்கடல் ஆய்வுக் கப்பல்கள்தான் செய்ய முடியும், இதில் மயக்கம் வேண்டாம். நம் எக்கோ சவுண்டர் சில நூறு மீட்டரிலேயே தரையைத் தவறவிட்டுவிடும். ஆக்லாந்திலிருந்து டோங்காவுக்குப் போகும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைலில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். பக்கத்தில் ஓடும் கெர்மடெக் அகழி பத்தாயிரம் மீட்டரையும் தாண்டும். அந்த வழி நெடுகத் தம்பியின் கருவி திரையில் கோடு மட்டும்தான் காட்டும். ஆனால் டோங்காவின் பவளத்திட்டுகளுக்கு இடையே நுழைந்து நங்கூரம் தேடும்போது ஒவ்வொரு எண்ணும் பயன்படும். பெரிய கப்பல்கள் அங்கே போவதில்லை.

இங்கே எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் பதிந்த ஆழங்கள் எல்லாம் தவறு. எங்கள் கருவி அடிக்கட்டைக்குக் கீழே உள்ள நீரைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. நாங்கள் நீர்மட்டத்திலிருந்து அளப்பதாக எழுதிக் கொடுத்திருந்தோம். ஒன்றரை மீட்டர் வித்தியாசம். தெரிந்ததும் எழுதித் திருத்தினோம். உணர்வி நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே பொருத்தப்பட்டிருக்கிறது, திரை எங்கிருந்து கணக்கிடுகிறது என்ற இரண்டையும் படகு கரையேறியிருக்கும்போதே டேப் வைத்து அளந்து எழுதிவிட வேண்டும். ஓதத்துக்கான, அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கத்துக்கான, திருத்தத்தைப் பிறகு தரவு மையத்தினரே செய்துகொள்ள முடியும். உங்கள் படகின் அடிப்பகுதி அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று, ஆழத் தரவைப் பாதுகாப்புச் செய்தியாகக் கருதும் நாடுகள் இருக்கின்றன. எந்த நாட்டுக் கடலுக்குள் நுழைந்தாலும் பதிவுப் பெட்டியை ஓடவிடும் முன் அந்நாட்டு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் படகு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்.

மூன்றாவது, திமிங்கிலம். தம்பியின் மனைவிக்கு இதில்தான் ஆசை. ஏன் இருக்காது? கூன்முதுகுத் திமிங்கிலம் ஆழத்துக்குப் பாயும்போது வாலை உயர்த்தும். வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைப் படிவம் நம் கைரேகை போல ஒன்றுக்கு இருப்பது மற்றதற்கு இருக்காது. அதைப் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து, 'ஹேப்பிவேல்' தளத்துக்கு அனுப்பினால் கணினி பழைய படங்களோடு ஒப்பிட்டு அது எந்தத் திமிங்கிலம் என்று சொல்லிவிடும். டெட் சீஸ்மன் என்ற ஆய்வாளர் 2015இல் தொடங்கிய முயற்சி இது.

இதிலிருந்து வந்த அறிவு சாதாரணமானதல்ல. வட பசிபிக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வேட்டைத் தடைக்குப் பிறகு பெருகி 2012இல் 33,488 என்ற உச்சத்தை எட்டி, 2021க்குள் 26,662 ஆகக் குறைந்தன என்று 2024இல் ஒரு கட்டுரை காட்டியது. 2014 முதல் 2016 வரை அந்தக் கடலை வாட்டிய வெப்ப அலையில் இரை குறைந்ததே முக்கியக் காரணம் என்று அதை எழுதியவர்கள் கருதுகிறார்கள். ஆய்வாளர்களும் சுற்றுலாப் படகுகளும் பொதுமக்களும் இருபது ஆண்டுகளாக எடுத்த படங்கள் இல்லாமல் இந்தக் கணக்கு சாத்தியமே இல்லை. அதே ஆண்டு இன்னொரு செய்தி. கொலம்பியாவின் பசிபிக் கரையில் படமெடுக்கப்பட்ட ஓர் ஆண் திமிங்கிலம் சில ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவின் சான்சிபார் அருகே மீண்டும் படத்தில் சிக்கியது. இடைத்தூரம் குறைந்தது 13,046 கிலோமீட்டர்.

ஆனாலும் இதை முதன்மை வேலையாக எடுக்காதே என்றுதான் சொன்னேன். திமிங்கிலம் வந்தால்தான் வேலை, வராவிட்டால் இல்லை. ஹவ்ராக்கி வளைகுடாவில் ஆண்டு முழுவதும் இருப்பது பிரைட் திமிங்கிலம். அது வாலைத் தூக்கிக் காட்டுவது அரிது. டோங்காவிலோ ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுகள் ஈன்று வளர்க்க வருகின்றன, அப்போது அங்கே இருந்தால் ஒரு படம் விடாமல் அனுப்பலாம். இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. வால் தெளிவாக விழ வேண்டும் என்ற ஆசையில் படகை நெருக்கிக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலாஸ்காவில் கூன்முதுகுகளிடமிருந்து 100 கெஜம் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். டோங்காவுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. குட்டியோடு இருக்கும் தாயை விரட்டிக் கிடைக்கும் படம் எந்த ஆய்வுக்கும் வேண்டாம். நீண்ட லென்ஸ் இல்லையென்றால் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

'ஒன்றுமில்லை' என்ற பதிவின் மதிப்பைப் புரிந்துகொள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் ஐபீரியக் கரையைப் பார்க்க வேண்டும். 2020 முதல் அங்கே ஓர்க்கா (கொலையாளித் திமிங்கிலம்) கூட்டம் ஒன்று பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்துவருகிறது, சில படகுகள் மூழ்கியும் விட்டன. பிரிட்டனின் படகுக்காரர் சங்கமான குரூசிங் அசோசியேஷன், ஐபீரிய ஓர்க்கா ஆய்வாளர்களோடு சேர்ந்து படகுக்காரர்களிடம் அறிக்கை கேட்கிறது. முட்டுப்பட்டவர்களிடம் மட்டுமல்ல, எதுவும் நடக்காமல் கடந்துபோனவர்களிடமும் கேட்கிறது. மோதிய கதைகளை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், இரவிலா பகலிலா ஆபத்து அதிகம் என்று எப்படிச் சொல்வது? எத்தனை படகு தப்பிப் போனது என்ற எண் வேண்டும் அல்லவா? எங்களில் ஒருவர் போர்ச்சுகல் வரை போய்வந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு முழுப் படிவத்தை நிரப்பி அனுப்பினார். எங்கள் குழுவிலிருந்து போன அறிக்கைகளில் சிறந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். செக்கி தட்டிலும் இதே கதைதான். முதல் இரண்டு ஆண்டு நீர் பளிங்கு மாதிரி இருந்த நாட்களில்தான் ஆசையோடு தட்டை இறக்கினோம், கலங்கிய நாட்களில் சோம்பினோம். பிறகு எங்கள் பட்டியலைப் பார்த்தால் பிளிமத் கடல் ஏதோ வெப்பமண்டலத் தீவைச் சுற்றிய கடல் போல இருந்தது. அதன் பிறகு ஞாயிறு தோறும், கடலுக்குப் போனால், என்ன நீராக இருந்தாலும் இறக்குவது என்று முடிவு செய்தோம்.

நான்காவது வழி தம்பிக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. மீன், பவளம், திமிங்கிலம் எல்லாம் தோல் செதிள், சளி, கழிவு என்று தம் மரபணுவை நீரில் உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்குவதைப் படித்தால் அந்தப் பக்கம் என்னென்ன உயிர்கள் உலவின என்று அறியலாம். நியூசிலாந்தின் நெல்சன் நகரில் உள்ள காத்ரான் ஆய்வு நிறுவனம் பின்னால் நிற்கும் 'சிட்டிசன்ஸ் ஆஃப் தி சீ' என்ற அமைப்பு, தெற்குப் பசிபிக் தீவுகளுக்குப் போகும் பாய்மரப் படகுகளுக்கு ஒரு சிறு இழுவைக் கருவியைத் தருகிறது. படகின் பின்புறத்திலிருந்து அதைக் கட்டி இழுத்தால் நீர் அதனுள் புகுந்து வடியும். அதில் உள்ள வடிகட்டியைச் சொன்ன முறைப்படிப் பதப்படுத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆய்வுக் கப்பல் ஒன்றை அத்தனை தீவுக்கும் அனுப்ப எந்த நிறுவனத்திடமும் பணம் இல்லை. ஆண்டுதோறும் எப்படியும் அங்கே போகிற படகுகள் இருக்கின்றன. மோரியின் ஏற்பாட்டுக்கு இதைவிட நெருங்கிய வாரிசு எனக்குத் தெரியாது.

கவனம் அதிகம் வேண்டிய வேலை இது. கையுறை போடாமல் வடிகட்டியைத் தொட்டால் உங்கள் மரபணுவும், மதியம் சமைத்த மீனின் மரபணுவும் அதில் ஏறிவிடும். கடல் கொந்தளிக்கும்போது, மூன்று இரவு சரியாகத் தூங்காத நிலையில், படிகளை ஒன்றுவிடாமல் பின்பற்ற முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். கரையோரம் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. நெடும்பயணம் போகிறவர்கள் புறப்படுவதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும், கருவிகள் எண்ணிக்கையில் குறைவு.

ஐந்தாவதைச் சீக்கிரம் முடிக்கிறேன். பெரிய படகின் சொந்தக்காரர் என்றால், படகின் சில நாட்களை ஆய்வாளர்களுக்கே கொடுத்துவிடலாம். 1998இல் படகு உரிமையாளர்கள் சேர்ந்து தொடங்கிய சீகீப்பர்ஸ் சங்கம் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து இப்படிப்பட்ட பயணங்களை ஒழுங்கு செய்கிறது. ஆய்வாளர்கள் தங்க அறையும், மாதிரிகளை வைக்கக் குளிர்பெட்டியும், மாலுமிகளும் இருந்தால் இது மிகப் பெரிய கொடை. 36 அடிக்கு இது சரிவராது. உலகைச் சுற்றும் பந்தயப் படகுகள், கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளைத் தென்பெருங்கடலில் இறக்கிவிடுவதும் இந்த வகைதான்; 2,000 மீட்டர் வரை மூழ்கி எழும் அந்தக் கருவிகளை யாரும் போகாத கடலில் போட்டுவர ஆள் தேவை. நம்மில் பெரும்பாலோர் அந்த வழியில் போகப்போவதில்லை.

தம்பிக்கு நான் கடைசியாக எழுதி அனுப்பியது இப்படி. இந்த ஆண்டு ஹவ்ராக்கியில் செக்கி தட்டு ஒன்று போதும். உள் வளைகுடாவில் பல இடம் ஆழம் போதாது, ஆகவே வெளியே போகும் நாட்களில் இறக்கு. வாரம் ஒரு முறை, நீர் எப்படி இருந்தாலும். குளிர்காலத்தில் படகு கரையேறும்போது உணர்வியின் உயரத்தை அளந்து, பதிவுப் பெட்டியை மாட்டிக்கொள். டோங்கா அதிகாரிகளிடம் ஆழப் பதிவு பற்றி இப்போதே எழுதிக் கேள். மரபணுக் கருவிக்கு இந்த மாதமே விண்ணப்பம் போடு. அது கிடைக்காவிட்டால் வழி முழுக்கத் தட்டு இறக்கு. நடுப் பசிபிக்கில் பாய்மரப் படகு எடுக்கும் தெளிவளவுகள் அரிதானவை. கேமரா உன் மனைவி கையில் இருக்கட்டும், சுக்கான் உன் கையில், திமிங்கிலத்துக்கும் படகுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கட்டும்.

ஒரே சமயத்தில் நான்கையும் தொடங்காதே என்று அடிக்கோடிட்டிருந்தேன். எங்கள் மூன்றாம் ஆண்டில் நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஆகஸ்டு வருவதற்குள் எல்லாப் படிவமும் அரைகுறையாகக் கிடந்தன, அதில் எதையும் அனுப்ப மனம் ஒப்பவில்லை.

நேற்று பதில் வந்தது. வாளி மூடியை வெட்டித் தட்டு செய்துவிட்டார்கள், படத்தையும் அனுப்பியிருந்தான். கூடவே முதல் அளவு: மேகமூட்டம், லேசான தூறல், 6.5 மீட்டர். 'இவ்வளவு குறைவாக இருக்கிறதே, வெயில் வந்தபின் இன்னொரு முறை எடுத்து அதை அனுப்பட்டுமா அண்ணா?' என்று கேட்டிருந்தான். எடுத்ததை அப்படியே அனுப்பு என்று எழுதினேன்.